உப்பு அரித்த முகம்

பேய்க்கு முகம் எங்கிருந்து வருகிறது என்று பிரகாசிக்கு முதன்முதலில் சொன்னது அவள் புருஷன் தஸ்நேவிஸ்தான். கல்யாணமாகி மூன்றாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், இதே மிக்கேல் அதிதூதர் கோயிலில், இடது பக்கச் சுவரில் தொங்கும் இதே பெரிய படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு சொன்னார். ஐம்பத்திரண்டு வருஷம் ஆயிற்று. அன்றைக்குப் படத்தில் பெயிண்ட் வாசனைகூட முழுசாகப் போயிருக்கவில்லை. ஈட்டி பிடித்த மிக்கேல் சம்மனசு, அவர் காலடியில் மல்லாந்து கிடக்கிற பேய். பேய்க்கு மேலுதடு பிளந்து ஒரு நீளப் பல் வெளியே நின்றது. இடது கண் பிதுங்கியிருந்தது. பிரகாசி பயந்துபோய்ச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "பயப்படாத பிள்ள. அது யாரு தெரியுமா? நம்ம சவரி," என்றார் அவர் காதோரமாக. "துறைமுகத்துல மூட்ட தூக்குதானே, கொக்கி நழுவி உதடு கிழிஞ்சவன், அவன்தான். டீக்கடையில எதுத்தாப்பல உக்கார வச்சு வரைஞ்சேன். கேட்டதும் சிரிச்சான். சம்மனசுக்கு முகம் வேணும்னா எங்கிட்ட வருவியளா, பேய்க்காவது ஆகட்டும்னான். ரெண்டு டீ, ரெண்டு பன்னு, முடிஞ்சது." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோயிலுக்குள், நற்கருணைப் பெட்டிக்கு முன்னால், கழுத்தில் புதுத்தாலியோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவள் பாவசங்கீர்த்தனத்தில் ஒரு தடவையும் சொன்னதில்லை. அது எந்தக் கட்டளையை மீறின பாவம் என்று அவளுக்கு இன்றுவரை தெரியவில்லை.

இப்போது அவளுக்கு வயசு எழுபத்தொன்று. அதே படத்துக்கு நேராக மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து செபமாலை உருட்டுகிறாள். மணி ஐந்தரை தாண்டியிருக்கும். ஆறு மணிவாக்கில் மகன் மிக்கேல் பைக்கில் வந்து கூட்டிக்கொண்டு போவான். அதற்குள் ஐந்து பத்து, ஐம்பது மணி. அதற்குள் அவள் ஒன்று முடிவு செய்தாக வேண்டும், அவனிடம் சொல்வதா, வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடித்துவிட்டுப் படுப்பதா என்று. ஏழு மணிக்கு அவனுடைய பிளக்ஸ் கடை வாசலில் குட்டியானை வண்டி வந்து நிற்கும். நூற்றைம்பது போர்டும் ஏறிவிடும். ஏறிவிட்டால் ஊரெல்லாம் அந்த முகம்தான். ஏழு மணிக்குத்தானே, நேரம் இருக்கிறது, ஆறு மணிக்கு அவன் வந்ததும் சொல்லலாம், முதலில் மாதாவிடம் கேட்டுக்கொள்ளலாம், மாதா வாயில் வார்த்தையைப் போடுவாள், அருள் நிறைந்த மரியே, இது நாலாவது மணியா, ஐந்தாவதா. விரல் எந்த மணியில் நிற்கிறது என்று தெரியவில்லை. முன் பெஞ்சில் அல்போன்சா கணீரென்று சொல்லிக்கொடுக்கிறாள், பின்னால் இருபது பெண்கள் முணுமுணுவென்று முடிக்கிறார்கள், பிரகாசியின் உதடும் அவர்களோடு அசைகிறது, மனசு மாத்திரம் மத்தியானச் சோற்றுத் தட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கமாட்டேன் என்கிறது. இடது கையில் வாசலில் வாங்கின உப்பும் மிளகும் ஒரு காகிதப் பொட்டலத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வாங்குகிற பழக்கம், கை தானாகப் போய் வாங்கிவிட்டது. பொட்டலம் உள்ளங்கை வேர்வையில் ஈரமாகிக்கொண்டு வருகிறது.

மத்தியானம் ரசத்துக்குச் சோறு பிசைந்துகொண்டே மிக்கேல் போனை அவள் பக்கம் திருப்பினான். "ம்மா, இங்க பாரு. யாரு வரைஞ்சது சொல்லு." கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தாள். பிளந்த உதடு, நீளப் பல், பிதுங்கின கண். சவரி அண்ணன். பரணிலிருந்த அப்பாவின் இரும்புப் பெட்டியைப் போன வாரம் அவன் இறக்கினது அவளுக்குத் தெரியும், பழைய படங்களைத் தூசி தட்டப்போகிறான் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு துணிகூடக் கிழித்துக் கொடுத்தாள். அந்தக் கறுப்பு மைப் படத்துக்கு இவன் கம்ப்யூட்டரில் கலர் ஏற்றியிருந்தான். வாயோரம் பாக்குக் கறை மாதிரிச் சிவப்பு. முதுகில் ஒரு மூட்டை. முன்னால் ஊரளவு பெரிய சோற்றுத் தட்டு, அதில் கையை விட்டு அள்ளுகிறது. கழுத்தில் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு. வயிற்றில், முன்னால் வேறு என்னவோ எழுதியிருந்த இடத்தில், மஞ்சள் எழுத்தில் 'வந்தேறி'. "இயக்கத்துக்காரங்க ஆர்டரு. நானும் கம்ப்யூட்டர்ல எத்தனையோ போட்டுப் பாத்தேன், எல்லாம் பொம்ம மாதிரி வருது, பயமே வரமாட்டேங்கு. அப்பா படத்தக் காட்டுன உடனே அவங்க தலைவரு எந்திரிச்சு நின்னுட்டாரு. இப்ப யாருக்கும்மா இந்தக் கை வருது?" அவன் கண் மினுமினுத்தது. அப்பாவைப் பற்றி இத்தனை சந்தோஷமாக அவன் பேசிப் பத்து வருஷம் இருக்கும். அவள் கேட்டாள், கேட்டாள்தான், கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. "அந்தத் துண்டு எதுக்குல?" என்றாள். "அது இருந்தாத்தான வடக்கத்தியான்னு தெரியும்." "பின்கட்டுல இருக்க ரபியும் அதான போட்டுருக்கான்." மிக்கேல் சிரித்துவிட்டான். "ரபி வேறம்மா. ரபி நம்ம வீட்டு ஆளு. அவனையா சொல்லுதோம்? ரசம் ஊத்து." ஊற்றினாள். "நல்லாருக்கா?" என்று கேட்டான், படத்தையா ரசத்தையா, படத்தைத்தான், போன் இன்னும் அவள் பக்கம்தான் திரும்பியிருந்தது. "நல்லாருக்கு," என்றாள். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது. ஐம்பது வருஷமாக வாய்க்குள்ளேயே காத்துக்கொண்டு கிடந்ததுபோல, கேட்ட மாத்திரத்தில் வந்து விழுந்தது. பிள்ளைகள் எதைக் காட்டினாலும் அவள் அதைத்தான் சொல்வாள். மகள் ஜெசிந்தா மஸ்கட்டிலிருந்து போனில் புதுத் திரைச்சீலையைக் காட்டினாலும் நல்லாருக்கு, பேரன் மொட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றாலும் நல்லாருக்கு. பெற்றவள் வாய் அப்படித்தான். ஆனால் இந்த ஒரு முகத்துக்கு அதைச் சொல்லலாமா, இரண்டாம் தடவையாக.

இரண்டாம் தடவை. மாதாவே, மணி போய்விட்டது. பெரிய மணி விரலில் தட்டுகிறது, முதல் பத்து முடிந்துவிட்டதா, அவள் எத்தனை சொன்னாள், மூன்றா, நாலா. அல்போன்சா இரண்டாம் தேவ இரகசியத்தைச் சொல்கிறாள். இயேசுவைக் கற்றூணில் கட்டி அடித்தது. வெள்ளிக்கிழமை துக்க இரகசியம்தானே வரும், யாரையும் குறை சொல்ல முடியாது, நாள் அப்படி. அந்த இரும்புப் பெட்டியில் தஸ்நேவிஸ் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் பேயும் பூதமும்தான். பழைய புஸ்தகத்திலிருந்து கத்தரித்தது, வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது, துறைமுகத்துக்கு வந்த கப்பல்காரர்கள் தூக்கிப் போட்டது. ஏழு தலைப் பறவைநாகம், மாதா காலடியில் வாயைத் திறந்துகொண்டு. உலக உருண்டைமேல் உட்கார்ந்து எட்டுக் கையாலும் நாடுகளை இறுக்கிப் பிடித்திருக்கிற கணவாய் மீன். வாந்திபேதியை எலும்புக்கூடாக வரைந்து கையில் அரிவாள் கொடுத்திருந்தது ஒன்று. யுத்த காலத்தில் எதிரி நாட்டுக்காரனைக் குரங்கு மாதிரி, எச்சில் வடிய, தோளில் ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, தரையில் அதையெல்லாம் பரப்பிப்போட்டு அவளுக்குச் சொல்லிக்கொடுப்பார். அவள் அஞ்சாம் வகுப்பு. படத்தை யாரும் அவளுக்கு விளக்கினதில்லை. "பாரு, எல்லாத்துக்கும் வயித்துல பேரு எழுதியிருக்கும். பஞ்சம், லஞ்சம், விலைவாசி. எழுதலன்னா யாரத் திட்டுதோம்னு ஜனத்துக்குத் தெரியாது. எழுதிட்டா அந்த உருவத்துக்கு என்ன கோரம் உண்டோ அம்புட்டும் அந்தப் பேருல போய் ஒட்டிக்கிடும். பேர அழிச்சுட்டு வேற பேரு எழுது, அதுலயும் ஒட்டும். உடம்பு ஒண்ணுதான்." இன்னொன்றும் சொல்வார். "முகம் கொஞ்சம் தெரிஞ்ச முகமா இருக்கணும். தெரியாத முகத்துக்கு ஜனம் பயப்படாது, வேடிக்க பாக்கும்." அவள் ஒரு நாள் கேட்டாள், அந்தக் கணவாயைக் காட்டி, இதுக்கு அம்மா உண்டா, இது பிள்ள வளக்குமா, அத யாரும் வரையமாட்டாங்களா என்று. அவர் சத்தமாகச் சிரித்து, "பேய்க்கு அம்மா வரைஞ்சா அப்புறம் யாரும் அத அடிக்கமாட்டாங்க பிள்ள," என்றார். சொல்லிவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அது சவரிக்கு நடந்ததற்கு முன்னாலா, பின்னாலா. முன்னால்தான். பின்னால் அந்தப் பெட்டி திறக்கவேயில்லை.

துறைமுகத்தில் வேலைநிறுத்தம் நடந்த வருஷம், கல்யாணமான மறுவருஷம். கப்பல்கள் சரக்கோடு வெளியே நின்றன, மூட்டை இறக்க ஆளில்லை, கடையில் பால்பவுடர்கூட இல்லை. தஸ்நேவிஸ் வேலை பார்த்த வாரப் பத்திரிகைக்காரர் ஒரு கருத்துப்படம் கேட்டார். அடுப்படியில்தான் வரைந்தார், வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழும், அவள் கத்திரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். ஒரு பூதம், பால்பவுடர் டின்களைக் குவித்துவைத்து அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. கீழே தாய்மார்கள் கையேந்தி நிற்கிறார்கள். வயிற்றில் 'வேலைநிறுத்தம்'. "எப்படியிருக்கு?" என்று தூக்கிக் காட்டினார். "நல்லாருக்கு. சவரி அண்ணன் மாதிரியே இருக்கு," என்று சொல்லி அவள் சிரித்தாள். அவர் படத்தைத் திருப்பி ஒருதரம் பார்த்தார். "பேய்னா அந்த முகம்தான் வருது கைக்கு. மாத்தவா?" அவர் கேட்டார், மாதாவே, அவர் கேட்டார். மாத்தவா என்று அவளிடம் கேட்டார். எண்ணெய் காய்ந்துவிட்டது என்று அவள் கடுகைப் போட்டாள். "எதுக்கு மாத்தணும், நல்லா பயமா இருக்கு," என்றாள். இருபது வயசு. வயிற்றில் முதல் பிள்ளை, அது தங்கவில்லை, அது வேறு கதை, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று அவள் எத்தனையோ தடவை ஆண்டவரிடம் கேட்டிருக்கிறாள். சனிக்கிழமை பத்திரிகை வந்தது. திங்கள்கிழமை மீனவர் குடியிருப்பில் ஒரு கைக்குழந்தை செத்துப்போனது, பால் இல்லாமல் செத்தது என்றார்கள், பேதியில் செத்தது என்றும் சொன்னார்கள். அன்று சாயங்காலம் சவரி எங்கேயோ அலைந்து ஒரு பால்பவுடர் டின் வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார், வீட்டில் அவருக்கு மூன்று மாசப் பிள்ளை. யாரோ ஒருத்தன் அவரைப் பார்த்தான். பேப்பரில் பார்த்த முகம். டின்னோடு. அவ்வளவுதான், ஒருவருக்கும் ஒன்றும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை, படம் எல்லாவற்றையும் முன்னாலேயே யோசித்து வைத்திருந்தது. பெண்கள்தான் முதலில் கல் எடுத்தார்கள் என்று சொல்வார்கள். பால்பவுடர் தெருவெல்லாம் வெள்ளையாகச் சிந்திக் கிடந்ததாம், அதில் சிவப்பு. இடது கண், அந்தப் பிதுங்கின கண், போய்விட்டது. அப்புறம் அவர் மூட்டை தூக்கவில்லை. தூக்க முடியவில்லை என்பது ஒன்று. அவரைக் கண்டால் பிள்ளைகள் ஓடுவார்கள் என்பது ஒன்று.

இந்த மணி எந்தப் பத்தில் இருக்கிறது. எல்லோரும் எங்கேயோ போய்விட்டார்கள், அவள் கற்றூணிலேயே நிற்கிறாள். எங்கள் இறப்பின் வேளையிலும் என்பதற்கு முன்னால் ஒரு 'இப்பொழுதும்' வருகிறதே, அதில் நாக்கு தடுக்குகிறது. ஐம்பது தடவை வரும் அது, இப்பொழுதும் இப்பொழுதும் என்று. மணி என்ன. சுவர்க் கடிகாரம் தூணுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியவில்லை. எழுந்து போய்ப் பார்க்கலாம். செபமாலை நடுவில் எழுந்தால் என்ன நினைப்பார்கள். அல்போன்சா திரும்பிப் பார்ப்பாள். அல்போன்சாதான் சவரியின் அந்த மூன்று மாசப் பிள்ளை. இப்போது ஐம்பது தாண்டிவிட்டது, தலை பாதி நரைத்துவிட்டது, நல்ல குரல், கோயிலில் எல்லாச் செபத்துக்கும் அவள்தான் முன்னால். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் பிரகாசி எத்தனையோ வெள்ளிக்கிழமை செபம் சொல்லியிருக்கிறாள், ஒரு நாளும் அந்த முதுகிடம் ஒன்றும் சொன்னதில்லை. சொல்லலாம் என்று தீபாவளிக்கு முறுக்கு சுட்டால் கொண்டுபோவாள், கிறிஸ்மஸுக்குச் சேலை கொண்டுபோவாள், அத்தை வாங்க என்பாள் அல்போன்சா, காப்பி கொடுப்பாள், சேலையும் முறுக்கும்தான் அங்கே இருக்கும், சொல் வந்த மாதிரியே திரும்பிவிடும்.

உப்பு எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. படத்துக்குக் கீழே மரப்பெட்டி உண்டு, நேர்ச்சை உப்பும் மிளகும் அதில்தான் போட வேண்டும். யாரோ ஒருத்தி, மனசுக்குள் என்ன ஆத்திரமோ, பேயின் முகத்தில் எறிந்திருக்கிறாள். நேர்ந்தது பலித்திருக்கும். அடுத்த வாரம் நாலு பேர் எறிந்தார்கள். இப்போது வெள்ளிக்கிழமை எல்லோரும் எறிகிறார்கள், கணவன் குடி நிற்க, கோர்ட்டு கேஸ் முடிய, கடன்காரன் ஒழிய. கடல் காற்றும் உப்பும் சேர்ந்து ஐம்பது வருஷத்தில் பேயின் முகத்தைத் தின்றுவிட்டன. சம்மனசின் முகம் அப்படியே பளபளவென்றிருக்கிறது. கீழே வெள்ளை பூத்து, பெயிண்ட் கொப்புளித்து உரிந்து, பல் மாத்திரம் தெரிகிறது. திருவிழா அன்று ஒரு தடவை சவரியும் வரிசையில் வந்தார். கண் போன மூன்றாம் வருஷம். எல்லோரையும் போல வாசலில் பொட்டலம் வாங்கிக்கொண்டு, தலையில் துண்டு போர்த்துக்கொண்டு, முறை வந்ததும் படத்துக்கு நேராக நின்று ஒற்றைக் கண்ணால் தன் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எறிந்தார். கோபத்தோடு இல்லை, வலுவாகக்கூட இல்லை, எல்லோரும் செய்கிறதை நாமும் செய்துவிட்டுப் போவோம் என்கிற மாதிரி. இதே மூன்றாவது பெஞ்சில் பிரகாசியும் தஸ்நேவிஸும் உட்கார்ந்திருந்தார்கள். தஸ்நேவிஸின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கினது, வளையல் உடைந்துவிட்டது. மறுநாள் அவர் பங்குச் சாமியாரிடம் போய், படத்தைக் கழற்றிக் கொடுங்கள், முகத்தை மாற்றி எழுதித் தருகிறேன் என்று கேட்டார். சாமியார் நல்ல மனுஷன்தான். "இந்த முகத்துக்குத்தான்பா ஜனங்க பயப்படுது, பழகிப்போச்சு, மாத்தாத," என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சாகிற வரைக்கும் தஸ்நேவிஸ் பூ வரைந்தார். காலண்டருக்கு ரோஜாப்பூ, கல்யாணப் பத்திரிகைக்கு மல்லிகைப்பூ. அதையும் நல்லாருக்கு என்றுதான் அவள் சொன்னாள். அவர் தலையைத் தூக்கிப் பார்க்கமாட்டார்.

ரபி துண்டு. காலையில் அது அவள் கொடியில்தான் காய்ந்தது, அவள்தான் எடுத்து மடித்து வைத்தாள், ஒரு ஓரம் வெல்டிங் பொறி பட்டு மூன்று ஓட்டை. பின்கட்டு அறைக்கு ஒடிசாவிலிருந்து வந்து இரண்டு வருஷமாகிறது அவனும் பெண்டாட்டி மினதியும். படகு கட்டுகிற இடத்தில் வெல்டிங். அவன் தமிழில் அம்மா, சாப்டாச்சா, தண்ணி வந்துச்சு, இந்த மூன்றும் உண்டு, மற்றதெல்லாம் கைதான் பேசும். மினதி இரண்டு வயசுப் பிள்ளையை இவள் மடியில் போட்டுவிட்டுத்தான் குளிக்கப் போவாள். அந்தப் பிள்ளை செபமாலையை வாயில் போட்டுச் சப்பும். ரபி சாயங்காலம் ஆறேகாலுக்கு வேலை முடிந்து, பால்கடை முக்கில் இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு வருவான், ஒன்று பிள்ளைக்கு, ஒன்று இவளுக்கு. கையில் பால் பாக்கெட், கழுத்தில் துண்டு. பால்கடை முக்கில்தான் இயக்கத்துக்காரர்கள் கூட்டம் போடுகிறார்கள், மிக்கேல் சொன்னான், முதல் போர்டு அங்கேதான், பெரிசு, இருபதடி. சொன்னபோது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது. இப்போது கண்ணுக்குள் ஒரு டின் உருளுகிறது, தெருவில், வெள்ளையாகக் கொட்டிக்கொண்டு. ரபி நம்ம வீட்டு ஆளு என்று போர்டில் எழுதியிருக்குமா. சவரியும் நம்ம ஆள்தான், டீ வாங்கிக் கொடுத்த ஆள். மிக்கேல் கெட்டவன் இல்லை. ஒரு எறும்பை மிதிக்கமாட்டான் சின்னதில். கெட்டவன் வரைந்தால்தான் இப்படி நடக்கும் என்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், தஸ்நேவிஸ் கெட்டவரா, இவள் கெட்டவளா, கடுகு போட்டுக்கொண்டு சிரித்தாள், அவ்வளவுதானே. சொல்லிவிடலாம். ஆறு மணிக்கு வருவான், வண்டியில் ஏறும்போதே சொல்லிவிடலாம். ஆனால் சொன்னால் அப்பா கதையைச் சொல்ல வேண்டும். பத்து வருஷத்துக்குப் பிறகு அப்பா என்று வாய் நிறையச் சொன்னானே இன்றைக்கு. மாதாவே, ஒரு வார்த்தை. ஒரு மணி. ஒரு மணியாவது கவனமாகச் சொல்லவேண்டும் என்று கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள், பார்த்தால் அது மணி இல்லை, சிலுவை. செபமாலை முடிந்துவிட்டது. எல்லோரும் எழுந்துகொண்டிருந்தார்கள்.

உப்பு வரிசை அவளைத் தாண்டிப் போனது. சர் சர் என்று சுவரில் விழுகிற சத்தம், மிளகு தரையில் உருண்டது. அவள் எழவில்லை. வரிசை முடிந்து பூசைக்கு ஆள் வருகிற இடைவெளியில், அல்போன்சா ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீரும் வெள்ளைத் துணியும் கொண்டு வந்து படத்துக்குக் கீழே குனிந்தாள். பேயின் முகத்திலிருந்த உப்பைத் தொட்டுத் தொட்டு ஒற்றி எடுத்தாள், காய்ச்சல்காரர் நெற்றியில் ஒற்றுகிற மாதிரி. பிரகாசி இதைப் பார்த்ததேயில்லை. எப்போதும் உப்பெறிந்தவுடன் மற்றவர்களோடு அவளும் வெளியே போய்விடுவாள். "உப்பு போடலையா அத்தை?" என்று அல்போன்சா திரும்பிப் பார்க்காமலே கேட்டாள். "இல்ல மக்கா." "நானும் போடுறதில்ல. எல்லாரும் போன பொறவு தொடச்சு விடுவேன். இல்லன்னா இந்தப் பல்லும் போயிரும்." துணியைப் பிழிந்தாள். "ஊருக்கு இது பேயி. எங்க வீட்ல அப்பா படம் ஒண்ணு கிடையாது அத்தை. அந்தக் காலத்துல போட்டோக் கடைக்குப் போகச் சொன்னா, எம்மூஞ்சிய எவன் பாப்பான்னு சொல்லிருவாராம், அம்மா சொல்லும். இந்த ஒண்ணுதான். அதான் முன்னால நின்னு செபம் சொல்லுதேன்னு வாங்கிக்கிட்டது, வாரத்துல ஒரு நா பக்கத்துல நின்னு பாத்துக்கிடலாம்னு." பிரகாசி முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தாள். உனக்குத் தெரியுமா, எத்தனை வருஷமா, என்று கேட்கவேண்டும், நான் சிரிச்சேன் மக்கா என்று சொல்லவேண்டும். அல்போன்சா தலையைச் சாய்த்து அந்தப் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா நல்லாத்தான் வரைஞ்சிருக்காவ," என்றாள். வெளியே மிக்கேலின் வண்டி ஹாரன் அடித்தது. தூணைத் தாண்டும்போது கடிகாரம் தெரிந்தது. ஆறு பத்து.

படியிறங்கும்போது முட்டி நொறுங்குகிற மாதிரி வலித்தது. மிக்கேல் வண்டியை அணைக்காமல் நின்றான். "வா, வா, நேரமாயிட்டு." அவள் வண்டியில் ஏறாமல் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். "மிக்கேலு, அந்தப் படம் நல்லால்ல." "எந்தப் படம்?" "மத்தியானம் காட்டுனது. நல்லாருக்குன்னு சொல்லிட்டேன். நல்லால்ல. ஊருக்குள்ள போகக் கூடாது அது." அவன் அவள் முகத்தைப் பார்த்தான், சிரிக்கலாமா என்று யோசித்து, சிரிக்காமல் விட்டான். "என்னம்மா நீ. ஏழு மணின்னு சொன்னவனுங்க அஞ்சரைக்கே வண்டிய கொண்டாந்துட்டானுங்க. பாதி போர்டு ஏத்திக் கட்டிருப்பான் இன்னேரம். முக்குல கூட்டம் ஆரம்பிச்சாச்சு, மைக் சத்தம் கேக்கலையா?" கேட்டது. காற்று திரும்புகிறபோதெல்லாம் கேட்டது, ஒரு குரல் ஏறி ஏறி இறங்குவதும், பிறகு நிறையக் குரல்களும். அஞ்சரைக்கு அவள் முதல் பத்தில் நாலாவது மணியா ஐந்தாவதா என்று எண்ணிக்கொண்டிருந்தாள். உப்புப் பொட்டலம் இன்னும் கையில்தான் இருந்தது, காகிதம் கரைந்து விரலிடுக்கில் நனைந்த உப்பு பிசுபிசுத்தது. அதைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். வண்டியில் ஏறி உட்கார்ந்து, பின்னால் தள்ளி, தனக்கும் மகனுக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டாள். மிக்கேல் வீட்டுப் பக்கமாக வண்டியைத் திருப்பினான்.

"அங்க வேண்டாம், ராசா," என்றாள். "பால்கடை முக்குக்கு விடு. ரபி பால் வாங்க வருவான். அவன நடுவுல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போவோம்."